வாசகர் கேள்வி: டிவி நிகழ்ச்சியைக் குறைந்த செலவில் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மயிலாடுதுறைக்கு அருகில் வசிக்கிறேன். எண்பத்தொரு வயதாகும் என் மாமியாருக்குக் கர்நாடக சங்கீதம் என்றால் உயிர். ஆனால் டிவியில் கச்சேரி வரும்போது இரவு பத்து மணிக்கு மேலாகிவிடுகிறது. அவரோ எட்டரை மணிக்கே உறங்கிவிடுவார். அதோடு, அடுத்த மாதம் என் அண்ணன் மகள் டிடி தமிழ் சேனலில் அரை மணி நேரம் வீணை வாசிக்கப் போகிறாள். அதைக் கட்டாயம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பது கேபிள் இணைப்பு, எச்டி செட்டாப் பாக்ஸ். கடைக்காரர் டிடிஎச்சுக்கு மாறி, ஹார்டு டிஸ்க் வைத்த பாக்ஸ் வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பென் டிரைவ் போதும் என்கிறார். என் மகன், யூடியூபில் பார்த்துவிட்டு, எச்டிஎம்ஐ கேப்சர் கருவி (பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயரில் போகும் படத்தைக் கணினியில் பதிவு செய்வது) வாங்கலாம் என்கிறான். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் இருக்கின்றன. மாமியாருக்காக இரவில் பதிவு செய்வதை மறுநாள் காலையில் அவர் கேட்பார், கேட்டபின் அழித்துவிடலாம். அண்ணன் மகளின் வீணையோ இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும் வீட்டில் இருக்க வேண்டியது. முதல் தேவைக்குப் பொருத்தமான கருவி இரண்டாவதற்குச் சற்றும் உதவாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டவுடன், இருப்பதில் விலை கூடியதை எடுத்துக் காட்டுவார்கள். உங்களுக்கு அறிவுரை சொன்ன மூவரில் எவருமே தவறாகச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொருவர் சொன்னதும் வெவ்வேறு தேவைக்கான விடை. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில், எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ பின்புறத்திலோ, செல்போன் சார்ஜரில் இருப்பது போன்ற தட்டையான யுஎஸ்பி துளை ஒன்று இருக்கக்கூடும். சில மாடல்களில் அது ஒரு சிறு மூடிக்குள் இருப்பதால் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். துளை இருப்பதாலேயே பதிவு செய்யலாம் என்று பொருளல்ல, ஏனெனில் சில பாக்ஸ்களில் அது மென்பொருளைப் புதுப்பிப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்டது. அதைத் தெரிந்துகொள்ளும் வழி எளியது. உள்ளே எதுவும் இல்லாத பழைய பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ஏதாவது ஒரு சேனலை வைத்து, ரிமோட்டில் சிவப்பு வட்டம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். பதிவு தொடங்கினால் உங்கள் செலவில் பெரும்பகுதி அப்போதே மிச்சம். இந்த வசதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தால், மாதம் எவ்வளவு என்று கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால், பதிவு வசதியுள்ள பாக்ஸ் அவரிடம் மாற்றிக்கொள்ளக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

உள்ளே எதுவும் இல்லாத பென் டிரைவ் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பாக்ஸ்கள் புதிய பென் டிரைவைக் கண்டவுடன் அதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்திய மறுநொடியே உள்ளே இருந்தவை அனைத்தும் போய்விடும். பேரனின் காதுகுத்துப் படங்கள் இருந்த பென் டிரைவை இப்படிப் பறிகொடுத்துவிட்டு, மீட்டுத் தர முடியுமா என்று கேட்டு என் பணிமனைக்கு வந்த ஒரு தாத்தாவின் முகம் இன்றும் நினைவிலிருக்கிறது. ஃபார்மேட் செய்த பிறகு அதே டிரைவில் இரண்டு திரைப்படங்களையும் பதிவு செய்திருந்ததால் ஏறக்குறைய எதையுமே மீட்க முடியவில்லை.

பென் டிரைவில் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நீங்கள் அதைக் கழற்றிக் கணினியில் செருகிப் பார்ப்பீர்கள், ஒன்றும் ஓடாது. கட்டணச் சேவை தரும் கேபிள், டிடிஎச் பாக்ஸ்கள் பெரும்பாலும் பதிவைப் பூட்டித்தான் எழுதுகின்றன, அந்தப் பூட்டின் சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே மாடல் பாக்ஸ் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அதில் ஓடாது. பல பாக்ஸ்களில் சந்தா நின்றுபோனால் பழைய பதிவுகளும் ஓடாமல் நின்றுவிடும். வீடியோ கேசட் காலத்தில் நம் வீட்டு விசிஆரில் பதிவு செய்ததை ஊரில் எந்த விசிஆரிலும் போட்டுப் பார்த்தோம். அந்தச் சுதந்திரம் இப்போது இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மார்கழிகளில் பதிவு செய்த கச்சேரிகளை ஒரு ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஓர் ஐப்பசி மாத இடியில் என் வீட்டுப் பாக்ஸ் போயிற்று. நிறுவனம் மறுநாளே புதுப் பாக்ஸ் கொடுத்தது. ஹார்டு டிஸ்கைச் செருகினேன். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. டிஸ்கில் ஒரு கீறல்கூட இல்லை, பதிவுகள் அனைத்தும் உள்ளேயே இருந்தன, ஆனால் அவற்றைத் திறக்க வழியில்லை. தொழில் தெரிந்த நானே அப்படி இழந்தேன் என்பதால்தான், உங்கள் அண்ணன் மகளின் வீணையை இந்த முறையில் மட்டும் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாமியாரின் தேவைக்கோ இந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல. அதே வீட்டில், அதே பாக்ஸில், மறுநாள் காலையில் கேட்கப் போகிறவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 64 ஜிபி பென் டிரைவ் தாராளமாகப் போதும். சாதாரண எஸ்டி சேனலில் ஒரு மணி நேரம் பதிவு செய்ய 1 முதல் 2 ஜிபி இடமும், எச்டி சேனலில் 2 முதல் 4 ஜிபி இடமும் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எச்டியிலேயே எடுத்தாலும் பதினைந்து மணி நேரக் கச்சேரி அதில் அடங்கும், கேட்டதை அழித்துக்கொண்டே வந்தால் ஆண்டு முழுவதும் அதுவே ஓடும். கச்சேரியில் பாட்டுத்தான் முக்கியம் என்பதால், இரண்டு வடிவிலும் வரும் சேனலாக இருந்தால் எஸ்டியிலேயே பதிவு செய்யுங்கள். பென் டிரைவைப் பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக, ரசீதுடன் வாங்குங்கள். தெருவோரத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில், மேலே 64 என்று அச்சிட்டு உள்ளே எட்டு ஜிபி மட்டுமே இருக்கும் போலிகள் உண்டு. எட்டு ஜிபி வரை நன்றாகப் பதிவாகிவிட்டு, அதன்பின் பழைய பதிவுகளே கெட்டுப்போகும்.

இரவுப் பதிவு தவறிப்போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் பாக்ஸின் பழுது அல்ல, சுவரில் இருக்கும் சுவிட்ச்தான். படுக்கப் போகும் முன் டிவி சுவிட்சை அணைத்துவிடுவது நம் வீடுகளில் ஊறிப்போன நல்ல பழக்கம். டைமர் வைத்த, அதாவது குறித்த நேரத்தில் தானாகப் பதிவாகும்படி பாக்ஸில் அமைத்த இரவில் அந்தப் பழக்கமே எதிரியாகிவிடுகிறது. பதிவுக்கு டிவி தேவையில்லை, பாக்ஸ் மட்டும் ரிமோட்டில் அணைத்த நிலையில், மின்சாரத்தோடு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தால் பாக்ஸைத் தனி பிளக்கிற்கு மாற்றி, அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பில் பாக்ஸ் இருக்கட்டும். இல்லையென்றால், வைஃபை ரூட்டருக்காக விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பல செட்டாப் பாக்ஸ்களும் அதே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. வாங்குமுன் பாக்ஸ் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படித்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். கேபிள்காரரின் பக்கத்தில் மின்சாரம் போனால் இதுவும் உதவாது, ஆனாலும் இரண்டு நிமிட மின்வெட்டில் கச்சேரி பாதியில் நிற்பதை இது தடுக்கும். டைமர் வைக்கும்போது ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து முடியும்படி வையுங்கள். சேனல்கள் அட்டவணைப்படி நிமிடம் தவறாமல் தொடங்குவதில்லை. கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாவும் மங்களமும் விடுபட்டுப்போனால் மாமியார் வருத்தப்படுவார்.

கடைக்காரர் சொன்ன, ஹார்டு டிஸ்க் உள்ளேயே பொருத்திய பாக்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே வேறு சேனலைப் பதிவு செய்வது அதில் வசதி, சாதாரண பாக்ஸில் பெரும்பாலும் அது முடியாது. மாலை முழுவதும் ஆளுக்கொரு தொடர் பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு அது பயன்படும். நீங்கள் பதிவு செய்யப்போவதோ வீடே உறங்கும் நேரத்தில். இணைப்பையே மாற்றி, புதுப் பாக்ஸ், புது டிஷ், புது மாதக் கட்டணம் என்று போவதற்கு உங்கள் தேவையில் காரணம் இல்லை. அதிலும் பதிவுகள் பூட்டித்தான் இருக்கும் என்பதால் வீணைக்கு அதுவும் விடையாகாது.

இனி வீணைக்கு வருவோம். உங்கள் மகன் சொன்ன கேப்சர் கருவி சரியான திசையில்தான் இருக்கிறது, எச்டிஎம்ஐ என்பது மட்டும் பொருந்தாது. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வயரில் வரும் படத்துக்கு எச்டிசிபி என்ற பாதுகாப்புப் பூட்டு இருப்பது வழக்கம். டிவி அதைத் திறந்து காட்டும், முறையான கேப்சர் கருவியோ கறுப்புத் திரையைத்தான் பதிவு செய்யும். யூடியூபில் காட்டுபவர்கள் பெரும்பாலும் வீடியோ கேம் கருவியையோ கேமராவையோ இணைத்துக் காட்டுகிறார்கள், அவற்றில் இந்தத் தொல்லை இருக்காது. இந்தப் பூட்டை நீக்கித் தரும் கருவிகளைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். உரிமை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதை 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. உங்கள் நோக்கம் அது இல்லை என்றாலும், உங்களுக்கு அந்தக் கருவி தேவையே இல்லை.

ஏனென்றால் பாக்ஸின் பின்புறம் இன்னொரு வழி இருக்கிறது. பழைய டிவிகளுக்கான ஏவி இணைப்பைத்தான் சொல்கிறேன்: படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளையும் சிவப்பும். சிறிய பாக்ஸ்களில் இந்த மூன்று துளைகளுக்குப் பதிலாக, ஹெட்ஃபோன் செருகுவது போன்ற ஒரே துளை இருக்கும், அதற்கான வயர் பாக்ஸுடன் கொடுத்த அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் உள்ள யுஎஸ்பி கேப்சர் கருவி ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை மகனின் மடிக்கணினியில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளால் பதிவு செய்யலாம். படம் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 அசையாப் படங்கள் என்ற பழைய தரத்தில்தான் இருக்கும், எச்டி துல்லியம் கிடைக்காது. அதற்கு ஈடாக, கிடைக்கும் கோப்பில் எந்தப் பூட்டும் இல்லை. எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும், நாளை வரப்போகும் கருவிகளிலும் ஓடும். நான் எடுத்துவைப்பவற்றுக்கு எச்டி துல்லியத்தைவிட இதையே மேலாக மதிக்கிறேன்.

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் சில உண்டு. ஒற்றைத் துளையில் செருகும் ஏவி வயர்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே இணைப்பு வரிசை மாறுபடும். படத்துக்குப் பதிலாக இரைச்சலோ வெற்றுத்திரையோ வந்தால், கருவி பழுது என்று நினைத்துவிடாமல், வயரின் சிவப்பு முனையைக் கருவியின் மஞ்சள் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். பல சமயம் படம் வந்துவிடும். இல்லையென்றால் அந்தப் பாக்ஸுக்குரிய வயரைக் கேபிள்காரரிடமே கேட்டு வாங்குங்கள். ஓபிஎஸ் மென்பொருளில் படத்தைச் சேர்த்துவிட்டு ஒலியை மறப்பவர்கள் ஏராளம். கேப்சர் கருவியின் ஒலியைத் தனியாகச் சேர்த்து, பச்சைக் கோடு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். படம் அருமையாக இருந்து வீணை ஒலி இல்லை என்றால் அந்தப் பதிவுக்குப் பொருளே இல்லை. பதிவுக் கோப்பின் வகையை எம்கேவி என்று வைத்தால், நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிவானது கெடாது. எம்பி4 என்று வைத்தால் முழுக் கோப்பும் வீணாகும் வாய்ப்பு உண்டு. பிறகு அதே மென்பொருளிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியை சார்ஜரில் வைத்து, தானாக உறங்கும் அமைப்பை நிறுத்தி, வாட்ஸ்அப் முதலியவற்றின் அறிவிப்பு ஒலிகளையும் அடக்கிவிடுங்கள். பாக்ஸின் அமைப்பில் திரை வடிவம் 16:9 என்று இருந்து, ஓபிஎஸ் மென்பொருளில் படத்தை அதே 16:9 வடிவுக்கு விரிக்காவிட்டால் அண்ணன் மகள் ஒல்லியாகத் தெரிவாள்.

இவை அனைத்தையும் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே, அதே டிடி தமிழ் சேனலில், அதே அரை மணி நேரம் முழுவதும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடுவது அரை மணி நேரம் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மலிவான கருவிகளில் நேரம் செல்லச் செல்லப் படமும் ஒலியும் விலகிப்போவது உண்டு, வீணையில் விரலும் நாதமும் பொருந்தாமல் போனால் இசை தெரிந்தவர்களால் அதைப் பார்க்கவே முடியாது. கருவியை முன்கூட்டியே வாங்கச் சொல்வது இதற்காகவே, மாற்றிக்கொள்ள நாள் இருக்கும். நிகழ்ச்சியன்று பென் டிரைவிலும் பதிவை ஓடவிடுங்கள். ஒன்று தவறினாலும் அன்றைய இரவுக்கு மற்றொன்று இருக்கும்.

டிடி தமிழை அடிக்கடி பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், பின்னாளில் டிடி ஃப்ரீ டிஷ் பற்றி யோசிக்கலாம். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை, 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி டிஷ் வைத்தால் போதும். டிஷ், பாக்ஸ், கூலி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் ஆகலாம். பூட்டில்லாத சேனல்களைப் பென் டிரைவில் பதிவு செய்து கணினியிலும் ஓடவிடக்கூடிய பாக்ஸ்கள் இதற்குக் கிடைக்கின்றன. எல்லாப் பாக்ஸும் அப்படி இல்லை என்பதால், கடையிலேயே ஒரு நிமிடம் பதிவு செய்து, அங்கிருக்கும் கணினியில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். தனியார் தமிழ் சேனல்களை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம்.

டிவியிலேயே யுஎஸ்பி பதிவு வசதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது டிவி தானே நேரடியாகப் பிடிக்கும் சேனல்களுக்கு மட்டும் உரியது, செட்டாப் பாக்ஸ் வழியே வருவதை அது பதிவு செய்யாது. மொட்டை மாடி ஆன்டெனாவில் பதிவு செய்யும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அங்கே பெரிய சேனல்களே வான்வழியாக இலவசமாக வருகின்றன, இங்கே நிலை அப்படி இல்லை.

வீட்டில் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்ற தயக்கம் ஓர் ஆசிரியைக்கு எழுவது இயல்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை யூடியூபில் ஏற்றுவதோ விற்பதோ வேறு விஷயம், அதைச் செய்ய வேண்டாம்.

மாமியாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பார்ப்பதைவிடக் கேட்பதையே விரும்புபவர் என்றால், நீங்கள் வீணைக்காக வாங்கும் அதே கருவியால் கச்சேரிகளின் ஒலியை மட்டும் எடுத்து எம்பி3 ஆக வைக்கலாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரக் கச்சேரி ஏறக்குறைய 58 எம்பி தான். ஒரு சிறிய மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான மணி நேரம் அடங்கும், ரேடியோ போன்ற சிறு ஸ்பீக்கரில் அதைச் செருகிக் கொடுத்தால் டிவி ரிமோட்டோடு அவர் போராட வேண்டியதில்லை. இதற்கு இரவில் யாராவது விழித்திருந்து கணினியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. நாள்தோறும் செய்ய முடியாது, அவருக்குப் பிடித்த பாடகர் வரும் நாட்களில் செய்யலாம்.

எனவே இப்போது நீங்கள் வாங்க வேண்டியவை ஒரு பென் டிரைவும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் உள்ள ஒரு கேப்சர் கருவியும் மட்டுமே. இரண்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும், மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் மீதிப் பணத்தில் அந்தச் சிறிய யுபிஎஸ் வாங்குங்கள். வீணை நிகழ்ச்சி முடிந்த அன்று இரவே, உறங்கப் போகும் முன், அந்தக் கோப்பை மகனின் கணினியிலும், பாக்ஸில் ஒருபோதும் செருகாத வேறொரு பென் டிரைவிலும், முடிந்தால் அண்ணன் வீட்டிலும் ஒரு நகலாக வைத்துவிடுங்கள். ஒத்திகையில் படம் வரவில்லை என்றால், பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், பின்புறத்தின் ஒரு புகைப்படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வயர் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.